அழுதவன் வந்து முகம் பார்க்கணும்

பேரன் முகம் பார்க்க இங்கிலாந்து போகிறேன் என்றுதான் கடைத்தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஒரு நிப்பட்டு டப்பாவில் வைத்து என் அக்கா சரோஜா கொண்டுவந்து கொடுத்தாள்.

புறப்படுவதற்கு முன்தினம் அவள் எங்கள் தங்கவயலின் பாலகாட் சுரங்கக் குடியிருப்பிலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரை நடந்தே வந்து, எங்கள் பூஜை சாமான் கடை வாசலில் நின்றாள். டப்பாவைக் கல்லா மேல் வைத்தாள். உள்ளே அவள் கையால் சுட்ட நிப்பட்டு, தட்டை மாதிரி.

"டேய் முருகேசா, பிரபு அங்கதான் கீறான். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறான். கட் பண்றான். அவன் உசுரோட கீறான்னு எனக்கு அந்தக் கட் பண்றதுலதான் தெரியுது."

"பாத்தா இன்னா சொல்லணும்க்கா?"

"ஒண்ணும் சொல்லாத. கையோட கூட்டிகினு வா."

பிரபு அவளுக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் புழுதி அடைத்து, சுரங்கம் மூடிய சில வருஷத்தில் போய்விட்டார். பிரபு படித்தான். பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல விடியுமுன் எழுந்து, ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தான். ஒரு நாள் ஏஜென்ட் ஒருவன் பேச்சைக் கேட்டு வெளிநாடு கிளம்பினான். எங்களிடம் சொன்னது கப்பல் கம்பெனி வேலை. பிறகுதான் தெரிந்தது, பிரான்ஸ் கடற்கரையிலிருந்து ராத்திரியில் ரப்பர் படகில் ஏறி இங்கிலாந்தில் இறங்கியிருக்கிறான் என்று. அகதி என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அரசாங்கம் அவனை ஒரு ஹோட்டலில் வைத்திருக்கிறது. என் மகள் கவிதா இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான்.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. முருகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

எங்கள் கோலார் தங்கவயலைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். அந்தப் பெயரை நம்பி ஒரே ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தேன். விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. மாப்பிள்ளை தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். வீட்டுக்குள் போனால் ஹீட்டர். பேரன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது.

மறுநாள் அமாவாசை. எந்த தேசமானாலும் அமாவாசை அமாவாசைதானே. குளித்து, விபூதி பூசி, பருப்பும் சோறும் பிசைந்து பின்பக்கச் சுவர் மேல் வைத்து "கா கா" என்று கூப்பிட்டேன். அங்கேயும் காக்கை உண்டு. கொஞ்சம் குட்டையாக, கழுத்தில் சாம்பல் பூசினாற்போல. ஒன்று வந்து என் தலைக்கு மேலேயே தாழப் பறந்தது. நான் குனிந்துவிட்டேன்.

"அப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க எலி வரும்னு கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க, உள்ள வாங்க" என்றாள் கவிதா. அப்புறம் சிரித்தாள். "தலையில அடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? அம்மாவுக்குப் போன் போட்டு நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லியிருக்கணும், இல்ல?"

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். காக்கை ஒருவர் தலையில் அடித்துவிட்டால் அது சாவுக்கு அறிகுறி. அதைக் கழிக்க, அவர் செத்துவிட்டதாக நெருங்கின உறவுக்குப் பொய்ச் செய்தி சொல்லி அனுப்ப வேண்டும். கேட்டவர் நிஜமாகவே அழ வேண்டும். அழுதுகொண்டே வந்து, ஆள் உயிரோடு இருப்பதை முகத்தோடு முகம் பார்க்க வேண்டும். அதோடு கண்டம் கழிந்தது, ஆயுசும் கெட்டி.

சரோஜா அக்காவுக்கு அப்படி நடந்தது. குழாயடியில் காக்கை அடித்தது. பிரபு அப்போது நாலாவதோ ஐந்தாவதோ. பள்ளிக்கூடத்துக்கு ஆள் போய் "உங்கம்மா பூட்டாங்கடா" என்று சொல்லிவிட்டார்கள். பையை அங்கேயே போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடி வந்தான். இங்கே இவள் தலை நிறைய எண்ணெய் வைத்து, முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அவன் அவள் வயிற்றில் குத்து குத்தென்று குத்தினான். அப்புறம் குத்திய இடத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. தெருவே சிரித்தது.

அமாவாசைக்கு அடுத்த நாள் பிரபுவைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் பணிவாக நின்றேன். பஸ் வந்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. நம் ஊரில் கண்டக்டர் இறங்கி வந்து "எங்க சாமி போணும்?" என்று தோளைப் பிடித்து ஏற்றுவான். அங்கே நாம் கையை நீட்டினால்தான் நிற்குமாம். முக்காடு போட்ட ஒரு அம்மாள் எனக்காகக் கையை நீட்டினார். ஏறினால், டிரைவர் என் காசை வாங்க மாட்டேன் என்கிறார். கார்டுதான். அந்த அம்மாளே தன் கார்டை இன்னொரு தரம் வைத்து, போங்க போங்க என்று கை காட்டினார். எந்த நாட்டு அம்மாளோ. முருகன் எந்த உருவத்தில் வருவான் என்று நமக்கு என்ன தெரியும்.

இறங்கிய இடத்தில் ஒரு சர்ச். பக்கத்தில் இரும்புப் பெட்டி, ஆள் உயரம், மேலே நீளமாக ஒரு வாய். உண்டியல்! கடவுள் எந்தப் பெயரில் இருந்தால் என்ன. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காசு போட்டேன். "அவனை என் கண்ணுல காட்டு" என்று கும்பிட்டேன். சர்ச்சிலிருந்து வந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் என்னையும் தரையில் கிடந்த செருப்பையும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துப் பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு கத்திப் படம் போட்டிருந்தது. குத்துகிற மாதிரி கையால் செய்து காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கொஞ்சம் தள்ளி பஸ் ஷெல்டர் ஓரத்தில் பூக்களாகக் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு பையன் போட்டோ. மீசை அரும்பாத முகம். பள்ளிக்கூட யூனிஃபார்ம்.

ஹோட்டல் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி கிடையாதாம். பிரபுவின் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாக யாரோ பார்த்திருக்க வேண்டும். பிரபு ஓடி வந்தான். பின்னாலேயே இன்னொரு பையன்.

இளைத்திருந்தான். தாடி. என்னைக் கட்டிக்கொண்டு, "இன்னா மாமா, ஸ்வெட்டருக்கு மேல கோட்டு, கோட்டுக்கு மேல விபூதி. அமைச்சர் மாதிரி கீறீங்க" என்றான். அழுகிற குரலில்தான் சொன்னான்.

கூட வந்தவன் பெயர் சுதன். இலங்கை, வன்னிப் பக்கம். இருவருக்கும் ஒரே அறை. மூவரும் எதிரே இருந்த பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். நிப்பட்டு டப்பாவைத் திறந்ததும் பிரபு மூடியை முகர்ந்தான், அப்புறம்தான் எடுத்தான்.

நான் உண்டியல் கதையைச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள்.

"அது கத்தி போடற பெட்டி மாமா. இங்க ஸ்கூல் பசங்க பயந்துகினு ஆளுக்கொரு கத்தி வெச்சிகினு சுத்தறானுங்க. அதுல கொண்டாந்து போட்டுட்டா கேஸ் இல்லன்னு கவர்மெண்ட் வெச்சிருக்கு. அந்தப் பூ பாத்தீங்க இல்ல? போன வாரம். குத்தினவனும் அதே வயசுப் பையன். கூடப் படிச்சவன்தான்."

கத்திகளுக்கு நடுவே என் காசு கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டல் என்றால் நாம் நினைக்கிற ஹோட்டல் இல்லை. அறையில் சமைக்கக் கூடாது. வேளைக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டில் சாப்பாடு. வேலை செய்யக் கூடாது. விசாரணை முடிகிற வரைக்கும் சட்டம் அப்படி. ஆள் இருக்கிறானா என்று கணக்கு எடுப்பார்கள். "ஷிப்டுக்குப் போற மாதிரி பேரு குடுக்கறோம், ஆனா ஷிப்டு இல்ல" என்றான் பிரபு. எந்த நாளும் எந்த ஊருக்கும் மாற்றுவார்கள். ஹோட்டல்களை எல்லாம் மூடிவிட்டு பழைய ராணுவ முகாம்களில் கொண்டுபோய் வைக்கப் போவதாக மந்திரிகள் பேசுவதை என் மகள் வீட்டு டிவியில் நானும் பார்த்தேன்.

என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வயிற்றுப்பாட்டுக்குத் தங்கவயலுக்கு வந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனி மூங்கில் தட்டி வீடு கொடுத்தது. அதுவும் வரிசை வரிசையாகத்தான், அதிலும் நிமிர்ந்து நிற்க இடம் இல்லைதான். ஆனால் கடப்பாறை பிடிக்கத் தெரியுமா என்றுதான் அவரைக் கேட்டார்கள். ஏன் ஓடி வந்தாய், யார் உன்னை அடித்தார்கள், சாட்சி எங்கே என்று கேட்கவில்லை. இதைச் சொன்னேன். பிரபு சிரித்தான்.

"தாத்தா தோண்டின தங்கம் எல்லாம் இங்கதான் வந்துது. அதப் பாக்க வந்தேன்னு சொல்லியிருக்கணும் மாமா."

"அதெல்லாம் இருக்கட்டும். அம்மா போன ஏன்டா எடுக்க மாட்டேங்கற?"

அவன் நிப்பட்டை டப்பாவில் திரும்ப வைத்தான். "எனக்கு அம்மா இல்ல மாமா."

"இன்னாடா சொல்ற?"

"பேப்பர்ல இல்ல. இந்தியான்னு சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, சிலோன்னு சொல்லுன்னான் ஏஜென்ட். சொல்லிட்டேன். அப்பா அம்மா எங்கன்னு கேட்டாங்க. சண்டையில செத்துட்டாங்கன்னு சொன்னேன். இப்ப இந்தியாவுல இருந்து ஒரு அம்மா போன் பண்ணா? போன வாங்கிப் பாத்தாங்கன்னா? அதான் கட் பண்றேன்."

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"பெத்தவள சாகடிச்சிட்டியேடா! அவ அங்க குத்துக்கல்லாட்டம் கீறா. உன் பேர்ல வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கு போடறா. உனக்கு நாக்கு எப்பிடிடா வந்துச்சி?"

சுதன்தான் பேசினான், மெதுவாக.

"அவனைப் பேசாதேங்கோ ஐயா. அது என்ர அம்மாவின்ட சாவு. நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான். செல் குண்டு விழுந்து செத்தவ. நான் பக்கத்திலதான் நிண்டனான். எத்தினை பேருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு இப்ப அழுகை வாறேல்ல. பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னன். அவையள் என்னை நம்பேல்ல, ஐயா. முதல் தரம் என்ர மனுவை இல்லையெண்டு தள்ளிப்போட்டினம். இவன் சொல்லேக்க அழுதவன். மொழிபெயர்க்க வந்த அம்மாவும் சேர்ந்து அழுதவவாம்."

நான் உட்கார்ந்தேன். யாரைத் திட்டுவது? நிஜத்தைச் சொன்னவன் கண் வற்றிப்போய் நிற்கிறான். பொய் சொன்னவன் அழுதிருக்கிறான்.

"நீ எதுக்குடா அழுத?" என்று பிரபுவைக் கேட்டேன்.

"சொல்லச் சொல்ல எங்கம்மா மூஞ்சிதான் மாமா வந்துது. செல் விழுந்த எடத்துல எங்கம்மா கெடக்கற மாதிரி."

திரும்பி வருகிறேன் என்று சொன்னால் அரசாங்கமே டிக்கெட் போட்டு அனுப்புகிறது. இதைக் கவிதா விசாரித்துச் சொல்லியிருந்தாள். நான் மன்றாடினேன். வீட்டுக்கு வாடா, கடையில் உட்காரு, எனக்குப் பிறகு நீ பாரு என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றது மாமா? அம்மா தாலிக்கொடிய வித்து அனுப்பிச்சாங்க. பங்காருபேட்டை ரயில்ல மறுபடி தொங்கறதுக்கா?" கடைசியில், "நாளைக்கு வாங்க, யோசிச்சி சொல்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த முறை கையை நீட்டினேன்.

மறுநாள் கவிதாவும் என்னோடு வந்தாள். குழந்தையை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். ஹோட்டல் இருந்த தெருவுக்குள் போகவே முடியவில்லை. கூட்டம். கொடிகள். போலீஸ். கத்தியால் குத்தியது ஹோட்டலில் இருக்கும் அகதி என்று யாரோ போனில் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இல்லை என்று போலீஸ் சொல்லியும் கூட்டம் கலையவில்லை. இளவட்டங்கள் கத்தினார்கள். கவிதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கத்தவில்லை. இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவிதா எனக்குக் காதில் சொன்னாள்: "என் மகள் ரெண்டு குழந்தைகளோடு ஈரம் ஊறின ஒரே அறையில் இருக்கிறாள். வீடு கேட்டால் வரிசையில் நில் என்கிறார்கள். இவர்களுக்கு ஹோட்டல். நான் யாரையும் வெறுக்கவில்லை. எங்களையும் யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்."

பாலகாட் லைன் வீட்டில், மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ், பட்டா எப்போது கிடைக்கும் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்த என் அக்கா புருஷன் பேசுவது போலவே இருந்தது.

அப்போது கூட்டத்தில் வழி விட்டார்கள். கையில் பூவோடு ஒரு பெண் வந்தாள். செத்த பையனின் தாய் என்றார்கள். கொடி பிடித்த ஒருவன் அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான். அவள் அந்தக் கையை விலக்கி, கூட்டத்திடம் ஏதோ சொல்லிவிட்டு, ஹோட்டல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஷெல்டரை நோக்கி நடந்தாள்.

"இன்னாம்மா சொன்னாங்க அவங்க?" என்று கவிதாவைக் கேட்டேன்.

"'அவன் வீட்டுக்கு வர மாட்டான், நீங்களாவது வீட்டுக்குப் போங்க'ன்னு சொன்னாங்கப்பா."

அன்று பிரபுவைப் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் காலையில் போனேன். தெரு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சுதன் மட்டும் வாசலில் எனக்காக நின்றான்.

"விடியக் காலமை பஸ் கொண்டுவந்து பாதிப் பேரை ஏத்தினவங்கள் ஐயா. எங்க எண்டு சொல்லேல்ல. அவனும் போயிட்டான். என்னையும் தனக்குப் போன் பண்ண வேண்டாம் எண்டவன். இதைத் தரச் சொன்னவன்."

காலி நிப்பட்டு டப்பா. கழுவித் துடைத்திருந்தது. எங்கள் பக்கம் பாத்திரத்தைச் சும்மா திருப்பித் தர மாட்டோம். உள்ளே ஒரு கைப்பிடி சர்க்கரை பாக்கெட் இருந்தது, ஹோட்டலில் டீக்குக் கொடுக்கும் சின்ன காகிதப் பாக்கெட்டுகள்.

"வேற ஏதாவது சொன்னானாப்பா?"

"அம்மாவை இனித் தனக்குப் போன் பண்ண வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவன். ஏன் எண்டு மட்டும் சொல்ல வேண்டாமாம்."

நான் கொண்டுபோயிருந்த விபூதியைச் சுதன் நெற்றியில் பூசினேன். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். "உங்கம்மா பேர் இன்னாப்பா?" என்று கேட்டேன். சொன்னான். அந்தப் பெயருக்கும் சேர்த்து இப்போது அமாவாசைக்குச் சோறு வைக்கிறேன்.

மீதி நாட்கள் பேரனோடு போயின. கடற்கரை பார்த்தோம், கோட்டை பார்த்தோம், மாப்பிள்ளை கூட்டிப்போன முருகன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. ஒன்றும் மனசில் ஒட்டவில்லை.

ஊர் திரும்பியதும் பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து நேரே பாலகாட்டுக்குத்தான் போனேன். அக்கா வாசலில் நின்றாள். எனக்குப் பின்னால் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"நல்லா கீறானா?"

"கீறான்க்கா."

"சாப்ட்டானா?"

"ஒண்ணுகூட மிச்சமில்ல."

சர்க்கரைப் பாக்கெட்டுகளை மடியில் போட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். "அக்கா, இனிமே அவனுக்குப் போன் பண்ணாத."

"ஏன்டா?"

வரும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். சுவரில் முருகன் படம். அவள் கண். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஒப்பாரி வைப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் சர்க்கரைப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் திரும்ப அடுக்கினாள். மூடியைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சொல்லும்போது அழுதானாடா?"

"அழுதான்க்கா. உன் மூஞ்சிதான் வந்துச்சாம்."

உள்ளே போனாள். போனை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "கடையில வெச்சிக்கோ. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது."

அவன் கட் பண்ணுவதில்தான் அவன் உயிர் அவளுக்குத் தெரிந்தது. அதையும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். கல்லாவுக்கு மேலே முருகன் படத்தின் கீழே வைத்திருக்கிறேன். தினமும் சார்ஜ் போடுகிறேன். இதுவரைக்கும் அடிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாம்பிராணி கொடுக்க அந்தப் பக்கம் போனேன். அக்கா தலை நிறைய எண்ணெய் வைத்து, முகத்தில் மஞ்சள் பூசி, வாசற்படியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்தது. துடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் குடத்தோடு நின்று கேட்டாள்.

"இன்னா சரோஜாம்மா, வெள்ளிக்கெழமயானா இந்தக் கோலம்?"

அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"காக்கா அடிச்சிடுச்சிம்மா. அழுதவன் வந்து மூஞ்சி பாக்கணும் இல்ல?"